மல்லாட்டைக்குள்ளே ஒரு நியூஜெர்சி!

ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது. நாலாங்கிளாஸ் படிக்கும்போது உங்க டிபன் பாக்ஸைத் திறந்தா என்ன வாசனை வரும்? லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலுமா? எண்ணெயில் ஊறி மூடியோடு ஒட்டிக்கிட்ட மிளகாய்ப்பொடி தோசையா? இல்லே, அம்மாவுக்கு உடம்பு முடியாத அன்னிக்கு மட்டும் கிடைச்ச பிரெட்-ஜாமா? ஹாஸ்டல் மெஸ்ஸில் பேர் தெரியாத ஒரு குழம்பைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு அந்த வாசனை ஞாபகம் வந்து தொண்டையை அடைக்குமே... அந்த மேட்டரைப் பத்திதான் இப்போ பேசப் போறேன்.

ஆனா, இந்தக் கதையில் ஏங்கினது நான் இல்லை. எங்க அக்கா பையன். வயசு ஒன்பது. அவன் ஏங்கினது இட்லிக்கும் இல்லை, இடியாப்பத்துக்கும் இல்லை. 'பீனட் பட்டர் அண்ட் ஜெல்லி பார்'! அடியில் வேர்க்கடலை வெண்ணெய் போட்டுப் பிசைஞ்ச மாவு, நடுவில் திராட்சை ஜாம், மேலே மறுபடியும் அதே மாவை உதிர்த்துவிட்டு, ஓவனில் சுட்டு, ஆறினதும் சதுரம் சதுரமா வெட்டுற அமெரிக்க அயிட்டம்.

"ரொம்பத்தான் சீன் போடுறான்"னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. எங்க சொந்தக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. கொஞ்சம் பொறுங்க, வாண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்போம்.

'திரும்பி' வந்தது யாரு?

அக்காவும் மாமாவும் நியூஜெர்சியில் இருந்தாங்க. 2023-ல் மாமாவுக்கு வேலை போச்சு. ஹெச்-1பி விசாவில் இருக்கிறவங்களுக்கு வேலை போனா, அதிகபட்சம் 60 நாள்தான் டைம். அதுக்குள்ளே அடுத்த கம்பெனி பிடிக்கணும். இல்லேன்னா வேற விசாவுக்கு வழி பார்க்கணும். ரெண்டும் நடக்கலைன்னா மூட்டை கட்டணும். இவங்க கட்டிட்டாங்க.

எங்க ஊர், திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். வந்து இறங்கின வாரம் முழுக்க வீட்டில் கூட்டம்தான். வந்தவங்க எல்லாரும் ஒரே டயலாக்... "கவலைப்படாதீங்க. நம்ம ஊருக்கே திரும்பி வந்துட்டீங்க இல்ல!"

அக்கா திரும்பி வந்தாங்க. மாமா திரும்பி வந்தாரு. சரி. ஆனா, வாண்டு? அவன் பிறந்தது அங்கே. சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது, முதல் பல் விழுந்தது எல்லாமே அங்கே. இந்த ஊருக்கு லீவில் ரெண்டு தடவை வந்திருக்கான், அவ்வளவுதான். நாங்க பாட்டுக்கு 'திரும்பி வந்துட்டான்'னு கொண்டாடிக்கிட்டு இருந்தோம். அவன் கணக்குப்படி, அவன் ஊரை விட்டுக் கிளம்பி வந்திருக்கான்!

புது ஸ்கூலில் பசங்க அவனை 'பீட்டர்'னு கூப்பிட்டாங்க. வீட்டில் பேச்சு குறைஞ்சுது. தயிர் சாதம் தவிர வேற எதையும் தொடலை. ஒருநாள் காலையில் எந்திரிச்சதும், "இன்னிக்கு சாட்டர்டேவா?"ன்னு கேட்டான். "ஆமாம்டா"ன்னேன். போர்வையை இழுத்து மறுபடியும் முகத்தை மூடிக்கிட்டான்.

அக்காதான் விஷயத்தைச் சொன்னாங்க. நியூஜெர்சியில் பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்கப் பாட்டி. சனிக்கிழமை சாக்கர் ஆடிட்டு இவன் வேர்த்து விறுவிறுக்க வந்தா, அந்தப் பாட்டி வீட்டில் இந்த பார் ரெடியா இருக்கும். இவன் வகுப்பில் ஒரு பையனுக்குக் கடலை அலர்ஜி. அதனால வகுப்புக்குக் கடலை அயிட்டம் எதுவுமே கொண்டு போகக் கூடாது. ஆக, அது வாரத்துக்கு ஒருநாள் மட்டும் கிடைக்கிற சொர்க்கம்!

"இங்க அதெல்லாம் கிடைக்காது, பேசாம கடலைமிட்டாய் சாப்பிடு"ன்னு ஒரு பெரியப்பா தீர்ப்பு சொன்னார். அப்போ திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரிச்சுக்கிட்டு இருந்த எங்க ஆயா நிமிர்ந்து பார்த்தாங்க.

"பண்ருட்டியிலேருந்து நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்ப எனக்குப் பதினேழு வயசு. பலாக்கொட்டைக் கொழம்பு இல்லியேன்னு மூணு மாசம் அழுதேன். நாப்பது மைலுக்கே எனக்கு அப்படி. இவன் எம்மாந்தூரத்துலேருந்து வந்திருக்கான்! அவன் ஊர் பண்டத்தை அவன் கேக்கறான். செஞ்சி குடுடா."

ஆயா சொன்னா அப்பீலே கிடையாது. ஆபரேஷன் பார் ஆரம்பம்!

நோயாளிக்குச் செஞ்சது, நாட்டுக்கே பிடிச்சது!

இன்ஜினீயரிங் படிக்கிற பயபுள்ள எதையும் சும்மா செய்ய முடியுமா? முதலில் லிட்ரேச்சர் சர்வே.

வேர்க்கடலையோட பூர்வீகம் தென் அமெரிக்கா. நம்ம ஊருக்கும் அது வந்தேறிதான். எங்க பக்கம் அதை 'மல்லாட்டை'ன்னு சொல்றோமே, அது 'மணிலாக்கொட்டை' தேய்ஞ்சு வந்த பேர். மணிலா, பிலிப்பைன்ஸோட தலைநகரம். பேரிலேயே பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டு இருக்கிற பயிர்! இப்போ அதே மல்லாட்டைக்குத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கு. விதைக்கடையில் 'டி.எம்.வி. 7'னு கேட்கிறாங்களே, அந்த டி.எம்.வி. வேற ஒண்ணும் இல்லை, நம்ம திண்டிவனம்தான்.

பீனட் பட்டரைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா, க்விஸ் போட்டியில் பலரும் பஸ்ஸரை அழுத்தி 'ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்'னு சொல்லுவாங்க. தப்பு! கறுப்பின விஞ்ஞானியான கார்வர் பெரிய மனுஷர்தான். 1916-ல் கடலையை 105 விதமா சமைக்கிறது எப்படின்னு விவசாயிகளுக்காக ஒரு கையேடே வெளியிட்டார். ஆனா, அதுக்கு முன்னாடியே 1884-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்துக்காரர் மார்செலஸ் எட்சன் கடலை விழுதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டார். 1895-ல் அமெரிக்க டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், வேகவெச்ச கடலையை அரைக்கிற முறைக்கு விண்ணப்பம் போட்டார். தன் சானிடோரியத்துக்கு வந்தவங்களுக்கு இறைச்சிக்குப் பதிலா சத்தா ஏதாவது கொடுக்கணும்ங்கிறது அவர் கவலை.

இதோடு ஜெல்லியைச் சேர்த்த புண்ணியவதி, ஜூலியா டேவிஸ் சாண்ட்லர். 1901-ல் பாஸ்டன் சமையல் பள்ளியின் பத்திரிகையில், கடலை விழுதையும் பழ ஜெல்லியையும் மெல்லிய ரொட்டிக்கு நடுவில் வெச்சு சாண்ட்விச் பண்ணலாம்னு எழுதினாங்க. ஆரம்பத்தில் அது வசதியானவங்க டீ பார்ட்டி அயிட்டம். 1928-ல் மிசௌரி மாநிலத்தில் சில்லிகாத்தேங்கிற ஊரில் மெஷின் போட்டு ஸ்லைஸ் பண்ணின பிரெட் விற்பனைக்கு வந்தது. கத்தியே வேண்டாம், குழந்தையே சாண்ட்விச் பண்ணிக்கலாம். அதுக்கு அடுத்து வந்த பொருளாதார நெருக்கடிக் காலத்தில், குறைஞ்ச காசில் வயிறு நிறையணும்னு வீட்டுக்கு வீடு கடலையும் ஜெல்லியும்தான். பணக்கார அயிட்டம் பள்ளிக்கூடப் பசங்க அயிட்டம் ஆனது இப்படித்தான். அந்த சாண்ட்விச்சோட கேக் வீட்டுத் தம்பிதான் நம்ம பார்.

மிக்ஸிக்குள்ளே ஒரு பிசிக்ஸ்

பாட்டிகிட்டே அக்கா வாட்ஸ்அப்பில் கேட்டாங்க. ஒரு மணி நேரத்தில் போட்டோ வந்தது. பழுப்பேறின அட்டையில் பேனாவால் எழுதின ரெசிபி. ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஆனா அளவெல்லாம் கப், ஸ்டிக், ஃபாரன்ஹீட்! ஒரு 'ஸ்டிக்' வெண்ணெய்னா 113 கிராம். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 32-ஐக் கழிச்சு, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தா 177 டிகிரி செல்சியஸ். பாட்டியோட டிரே 13-க்கு 9 அங்குலம். பரப்பு 117 சதுர அங்குலம். எங்க வீட்டில் இருந்த வட்டத் தட்டு 9 அங்குலம். பை ஆர் ஸ்கொயர் போட்டா கிட்டத்தட்ட 64. ஆக, எல்லா அளவிலும் பாதி! 'இந்த ஃபார்முலா எல்லாம் வாழ்க்கையில் எதுக்கு சார்?'னு எட்டாங்கிளாஸில் கேட்டோமே, இதுக்குத்தான்.

முதலில் பீனட் பட்டர். ஆயா கொல்லையில் விளைஞ்ச மல்லாட்டை, உரிச்சது 400 கிராம். சுருங்கினது, பூசணம் பிடிச்சது, கசக்கிறது எல்லாத்தையும் பொறுக்கித் தூர எறியணும். பூசணத்தில் வர்ற அஃப்ளடாக்சின்ங்கிற நச்சு வறுத்தாலும் முழுசா போகாது. சிறு தீயில் பொறுமையா வறுத்து, ஆறவெச்சு, கையால் தேய்ச்சு, முறத்தில் புடைச்சா தோல் பறந்துடும். (புடைக்கிறது ஆயா டிபார்ட்மென்ட். நாம பண்ணினா கடலையும் சேர்ந்து பறக்கும்.)

இப்போ மிக்ஸி. ஒரு நிமிஷத்தில் பொடியாகும். இன்னொரு நிமிஷத்தில் ஈரமா உருண்டு ஒரு பக்கமா ஒட்டிக்கும். நிறைய பேர் இங்கேதான் பயந்து தண்ணி ஊத்துவாங்க. ஊத்தாதீங்க! கடலை எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அரைபட அரைபட செல் உடைஞ்சு, எண்ணெய் வெளியே வந்து, திடீர்னு விழுது இளகி ஓட ஆரம்பிக்கும். நடுநடுவே மிக்ஸிக்கு ரெஸ்ட் கொடுங்க. மோட்டார் உங்க செமஸ்டர் ஃபீஸை விடக் காஸ்ட்லி இல்லைன்னாலும், அம்மா திட்டுறது காஸ்ட்லி. அரை ஸ்பூன் உப்பு போட்டா வேலை முடிஞ்சுது. ரெண்டு நாள் வெச்சா மேலே எண்ணெய் மிதக்கும். கடை பாட்டிலில் ஏன் மிதக்கலை? அங்கே கொஞ்சம் ஹைட்ரஜனேற்றம் செஞ்ச எண்ணெயைச் சேர்த்துக் கட்டிப்போட்டுடுவாங்க. 1920-களில் ஜோசப் ரோஸ்ஃபீல்டுங்கிறவர் கொண்டுவந்த டெக்னிக் அது.

பர்ப்பிள் ரகசியம்

பிரச்னையே ஜாமில்தான் வந்தது. கடையில் மிக்ஸட் ஃப்ரூட் ஜாம் வாங்கிக் காட்டினேன். ஒரு விரல் தொட்டு நக்கிட்டு, "இது ரெட். எனக்கு பர்ப்பிள் வேணும்"னுட்டான். பன்னீர் திராட்சை வாங்கிக் காட்டினேன். மோந்து பார்த்தான். "நல்லாருக்கு. ஆனா அந்த ஸ்மெல் இல்லை."

அவனைக் கோபிக்க முடியாது. அவன் சொன்னது அறிவியல்பூர்வமா கரெக்ட்! அமெரிக்காவில் ஜெல்லின்னா பெரும்பாலும் கான்கார்டுங்கிற திராட்சை. மாசசூசெட்ஸ் மாநிலம் கான்கார்டு ஊரில் இஃப்ரைம் புல் என்பவர் 1849-ல் உருவாக்கினது. அது வட அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வம்சம். மெத்தில் ஆந்த்ரனிலேட்னு ஒரு ரசாயனம்தான் அதோட தனி வாசனைக்குக் காரணம். நம்ம கம்பம் பன்னீர் திராட்சை ஐரோப்பிய வம்சம். எவ்வளவு நல்ல பழமா இருந்தாலும் அந்த வாசனை வராது.

அப்போ அந்த அமெரிக்க வம்சத்துக்கு நான் எங்கே போவேன்? நெட்டில் தேடினா, பதில் திண்டிவனம் மார்க்கெட்டிலேயே உட்கார்ந்திருக்கு! தள்ளுவண்டியில் கருநீலமா, கொட்டையோட, அழுத்தினா தோல் தனியா சதை தனியா வழுக்கி வருமே... கடைக்காரர் 'பெங்களூரு திராட்சை'ன்னு விற்பாரே, அதேதான். 'பெங்களூர் புளூ'ங்கிற அந்த ரகம் உண்மையில் 'இசபெல்லா'ன்னு சொல்ற அமெரிக்கத் திராட்சை. கான்கார்டுக்கு நெருங்கின சொந்தம். எப்பவோ கப்பலேறி வந்து, கர்நாடக மண்ணில் வேர் பிடிச்சு, 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. மல்லாட்டை மாதிரியே இதுவும் ஊர் மாறி வந்து ஊர்க்காரனா ஆன கேஸ்!

அரைக் கிலோ வாங்கினேன். தோலையும் சதையையும் பிரிச்சு, சதையை அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டினா கொட்டை நீங்கிடும். அதில் தோல், 350 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சைச் சாறு. பழத்தில் இருக்கிற பெக்டின் வலை பின்னி இறுகணும்னா புளிப்பும் வேணும், சர்க்கரையும் வேணும். ஃப்ரிட்ஜில் வெச்ச தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினா சுருக்கம் விழணும். அதுதான் பதம்.

வாசனை வீடு முழுக்கப் பரவினப்போ, உள் ரூமிலிருந்து வாண்டு தானாவே எழுந்து வந்தான். ஒண்ணும் பேசலை. அடுப்பு பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டான்.

நெருப்பு வெச்ச மூடி

வெண்ணெய் 110 கிராம், சர்க்கரை 150 கிராம். ரெண்டையும் நுரைக்க அடிச்சு, ஒரு முட்டை, 250 கிராம் பீனட் பட்டர் சேர்க்கணும். மைதா 190 கிராம், பேக்கிங் பவுடர் அரை ஸ்பூன் போட்டுப் பிசையணும். மாவில் மூணில் ரெண்டு பங்கைத் தட்டில் அழுத்திப் பரப்பி, மேலே 250 கிராம் ஜாம், அதுக்கு மேலே மீதி மாவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, கை நிறைய உடைச்ச கடலை தூவினா ஓவனுக்கு ரெடி. 177 டிகிரி, 40 நிமிஷம்.

எங்க வீட்டில் ஓவன் ஏது? கனமான அலுமினியக் குண்டான், அடியில் ரெண்டு அங்குலம் மணல், மேலே ஒரு பிரிமணை, அதுக்கு மேலே தட்டு. பின்கட்டு விறகடுப்பில் ஏத்தியாச்சு. கீழே வெந்துடும், மேலே சிவக்காதேன்னு நான் தியரி பேசிக்கிட்டு இருக்கும்போதே, ஆயா இடுக்கியால் தணல் எடுத்து மூடி மேலே பரப்பிட்டாங்க. "பணியாரத்துக்குப் பண்றதுதானடா!" அமெரிக்காவில் மேற்கே குடியேறப் போனவங்களும் 'டச்சு ஓவன்'னு ஒரு இரும்புப் பாத்திரத்தில், மூடி மேலே தணல் போட்டுத்தான் ரொட்டி சுட்டாங்க. ஆயா எந்தப் புத்தகத்தையும் படிக்கலை. ஆனா வெப்பக் கடத்தல் பேப்பரில் அவங்கதான் யூனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்!

சூடா வெட்டினா உதிர்ந்துடும். ரெண்டு மணி நேரம் ஆறணும். அந்த ரெண்டு மணி நேரமும் வாண்டு இடத்தை விட்டு நகரலை.

வட்டத் தட்டில் சதுரம் சதுரமா வெட்டினேன். (ஓரத்தில் மிஞ்சுற துண்டெல்லாம் சமையல்காரனுக்கு. இது சர்வதேச சட்டம்.) ஒரு கடி கடிச்சான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கோம். மென்னு முழுங்கிட்டு சொன்னான்... "சேம் இல்லை." அக்கா முகம் சுருங்கிடுச்சு. "பட், பர்ப்பிள் கரெக்ட்!" அடுத்த துண்டுக்குக் கை நீட்டினான்.

ஆயா ஒரு வாய் போட்டுட்டு, "மல்லாட்டை உருண்டைதான இது? மேல திராட்சையத் தடவிட்டு இம்மாம் பேரு வெச்சிருக்கீங்க"ன்னு சொல்லிட்டு, ரெண்டு துண்டை முந்தானையில் முடிஞ்சுக்கிட்டுப் போனாங்க.

ராத்திரி ஏழு மணிக்கு, அங்கே காலை எட்டரை, பாட்டிக்கு வீடியோ கால். பாட்டி, 'ஓவன் எங்கே?'ன்னு கேட்டாங்க. வாண்டு போனைத் தூக்கிக்கிட்டு பின்கட்டுக்கு ஓடினான். குண்டானைக் காட்டினான். மணலைக் காட்டினான். ஆயாவை இழுத்துக் கேமரா முன்னாடி நிறுத்தி, "இவங்க தோட்டத்துக் கடலை இது"ன்னு இங்கிலீஷில் பெருமையா சொன்னான். ஊருக்கு வந்து இத்தனை மாசத்தில், இங்கே இருக்கிற ஒரு பொருளை அவன் ஒருத்தருக்குக் காட்டினது அன்னிக்குத்தான்.

ஒரே பாரில் எல்லாம் சரியாயிடுச்சுன்னு சினிமா க்ளைமாக்ஸ் எல்லாம் கொடுக்க மாட்டேன். அன்னிக்கு ராத்திரியும் அவன் அழுதான். அக்கா தட்டித் தூங்கவெச்சாங்க. ஆனா திங்கட்கிழமை டிபன் பாக்ஸில் நாலு துண்டு கேட்டு வாங்கிக்கிட்டுப் போனான். "நாலு எதுக்குடா?" "மூணு ஃப்ரெண்ட்ஸுக்கு." 'பீட்டர்'னு கூப்பிட்ட அதே மூணு பேர்தான்னு அப்புறம் தெரிஞ்சுது.

உங்க பக்கத்துப் பெஞ்ச்

பாஸ், உங்க வகுப்பிலும் இப்படி ஒரு ஆள் இருப்பாங்க. மணிப்பூரிலிருந்தோ, பீகாரிலிருந்தோ, இல்லே நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கோ வந்து, மெஸ் தட்டை முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மச்சி'ன்னு சொல்றது ஈஸி. "உங்க வீட்டில் சனிக்கிழமை என்ன செய்வாங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ரெசிபியைச் சொல்லும்போதே பாதி ஊரைச் சொல்லிடுவாங்க. மீதிப் பாதிக்கு ஒரு மிக்ஸியும் ஒரு லீவு நாளும் போதும்.

அப்புறம், இந்த பாரை வீட்டில் செஞ்சு எடுத்துட்டு வந்தா, நீட்டுறதுக்கு முன்னாடி 'கடலை அலர்ஜி இருக்கா?'ன்னு மறக்காம கேளுங்க. அது விளையாட்டு இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் நாலு நாள் தாங்கும். ஹாஸ்டல்னா... நாலு நிமிஷம்!